கைபேசியில் மூன்று நிமிட நற்செய்தி: சிறு சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சேகரத்தில் (ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பு) வாலிபர் சங்கப் பையன் ஒருவன் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடத் தியானம், அதாவது ஒரு வேத வசனத்தை ஒட்டிய சிறு பேச்சு, போட ஆரம்பித்தான். குரல் நன்றாக இருந்தது, விஷயமும் இருந்தது. ஒவ்வொரு ஆடியோவின் கடைசியிலும் ‘ஜெப உதவிக்கு எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்’ என்று தன் சொந்த எண்ணைச் சொன்னான். ஒன்பதாம் நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரு பெண் அழைத்தார். கணவர் அடித்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார், என்ன செய்வது என்று அழுதார். பையனுக்கு 21 வயது. வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்து ஜெபித்துவிட்டு போனை வைத்துவிட்டான். அப்புறம் இரண்டு நாள் அவனுக்குத் தூக்கமில்லை. தியானமும் நின்றது.

அதற்குப் பிறகு நான்கைந்து குழுக்களுக்கு இதைத் தொடங்க உதவியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெயர், லோகோ, மைக் என்று ஆரம்பித்து, பதில் சொல்ல ஆள் வைப்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். அதனால் இங்கே வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். மைக் ஐந்தாம் படியில்தான் வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சபைப் பெயரில் ஒரு தனி சிம், அதற்கென ஒரு பழைய கைபேசி, அச்சிட்ட வேதாகமம், ஒரு நோட்டு, பதில் சொல்லக் குறைந்தது இரண்டு பேர் (ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்), குருவானவரின் சம்மதம். சம்மதம் மரியாதைக்காக மட்டும் இல்லை. நாளை யாராவது ஞானஸ்நானம் கேட்டாலோ, காவல் நிலையத்திலிருந்து போன் வந்தாலோ பேச வேண்டியவர் அவர். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

1. ஒரே ஒரு கேட்பவரை முடிவு செய்யுங்கள்

‘எல்லோருக்கும்’ என்று தொடங்கினால் கடைசியில் சபைக்குள் இருப்பவர்கள் மட்டுமே கேட்பார்கள். ஒரு நோட்டுப் பக்கத்தில் ஒரே ஒருவரை எழுதுங்கள். உதாரணமாக: துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் நம் ஊர்ப் பையன், வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போக முடியாதவன். அல்லது: தோழி அனுப்பிய ஆடியோவை ஹாஸ்டலில் கேட்கும் கல்லூரி மாணவி, வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே ஆடியோ பொருந்தாது. முதல் ஆளுக்குக் ‘கிருபை’ என்றால் புரியும். இரண்டாம் ஆளுக்கு அது ஒரு பெண்ணின் பெயர். ‘ஆத்தும பாரம்’, ‘திறப்பிலே நிற்பது’, ‘அபிஷேகம்’ எல்லாம் நமக்குப் பழகிப்போனதால் புரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். புராட்டஸ்டண்ட் சபைகளின் வேதாகமத்தில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று இருப்பது, 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘ஆண்டவரே என் ஆயர்’ என்று இருக்கிறது. புத்தகங்களின் பெயரே வேறு: சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். கத்தோலிக்க நண்பர் ஒருவர் ‘யாத்திராகமம் எங்கே இருக்கிறது, தேடித் தேடிப் பார்க்கிறேன்’ என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. ஒன்றையே வாசியுங்கள், ஆனால் ஆடியோவின் கீழே எழுதும் குறிப்பில் இரண்டு பெயரையும் போடுங்கள்.

2. முதல் ஆடியோவுக்கு முன் பதில் சொல்வோரை நியமியுங்கள்

தியானம் பேசுபவரே பதிலும் சொல்லக் கூடாது. குரல் கொடுப்பவர் மீது கேட்பவர்களுக்குத் தனிப் பற்று வந்துவிடும். அது ஒரு 21 வயதுப் பையன் சுமக்கக்கூடிய எடை இல்லை.

ஒரு வார அட்டவணை போடுங்கள். மாலை 7 முதல் 9 வரை ஒருவர் பதில் சொல்வார். மற்ற நேரத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தானாகப் போகும் பதிலை அமைத்துவிடுங்கள். அதில் இப்படி எழுதலாம்: ‘உங்கள் செய்தி கிடைத்தது. மாலை 7 மணிக்குப் பிறகு பதில் எழுதுகிறோம். உடனடி ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால் டெலி மானஸ் 14416.’ அன்று இரவு அழைத்த பெண்ணுக்கு முதலில் தேவைப்பட்டது 181தான். ஜெபம் அதற்கு அப்புறம்.

‘எப்போது வேண்டுமானாலும்’ என்ற சொல்லை எங்கேயும் பயன்படுத்தாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

பெண்கள் அனுப்பும் செய்திகளுக்குப் பெண்ணே பதில் எழுதட்டும். சபையில் எந்த அக்காவும் தயாராக இல்லை என்றால், தயாராகும் வரை எண்ணை வெளியிட வேண்டாம். ஆடியோ மட்டும் போகட்டும்.

3. குழுவா, பிராட்காஸ்டா, சேனலா?

புதியவர்கள் நேராக வாட்ஸ்அப் குழு தொடங்கி, தெரிந்த 200 பேரைக் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள். இதில் இரண்டு தப்பு இருக்கிறது. முதலாவது, குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாணவியின் எண்ணை முன்பின் தெரியாத ஆண்கள் பார்க்கிறார்கள். இரண்டாவது, கேட்காமல் சேர்க்கப்பட்டவர் அன்றே வெளியேறுவார், ‘மதம் மாற்ற வருகிறார்கள்’ என்று நாலு பேரிடம் சொல்வார். அவர் கோபம் நியாயமானது.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் யார் எண்ணும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ‘அனுப்பினேன், யாருக்கும் போகவில்லை’ என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்த சேனல் வசதிதான் இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. பின்தொடர்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. யாரும் யாரையும் வலுக்கட்டாயமாகச் சேர்க்க முடியாது, அவரவரே வர வேண்டும். அங்கே உரையாடல் நடத்த முடியாது என்பது குறைதான். அதற்குத்தான் தனி எண். தியானம் சேனலில் போகட்டும், பேச விரும்புகிறவர் அந்த எண்ணுக்கு எழுதட்டும்.

சேனல் இணைப்பை க்யூஆர் குறியாக அச்சிட்டு ஆலய வாசலில் ஒட்டுங்கள். அசனப் பண்டிகை (சபையின் பொது விருந்து), கன்வென்ஷன் பந்தல், கல்யாண வீடு என்று மக்கள் கூடும் இடத்தில் ஒரு அட்டை இருந்தால் போதும்.

4. எழுதிவிட்டுப் பேசுங்கள்

‘எனக்கு எழுத்து வேண்டாம், ஆவியானவர் பேசுவார்’ என்று சொன்ன ஒருவரின் முதல் ஆடியோ 11 நிமிடம் ஓடியது. எழுதினால்தான் மூன்று நிமிடத்தில் நிற்க முடியும். என் வேகத்தில் அது ஏறக்குறைய 280 சொற்கள். நீங்கள் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து உங்கள் கணக்கைக் கண்டுபிடியுங்கள்.

பெரும்பாலான முதல் வரைவு இப்படித் தொடங்கும்:

‘கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இந்தக் காலை வேளையிலும் ஜீவனுள்ளோர் தேசத்திலே நம்மை நிற்கச் செய்த தேவனுக்கு ஸ்தோத்திரம் உண்டாவதாக…’

இதற்குள் பத்து வினாடி போய்விட்டது. ஹாஸ்டல் மாணவி அடுத்த ஆடியோவுக்குப் போய்விட்டாள். அதே ஆளை மறுபடி எழுதச் சொன்னோம். இரண்டாவது முறை இப்படி வந்தது:

‘நேற்று ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனது. மெழுகுவத்தி தேடிப் போய் கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். இருபது வருஷமாக அதே இடத்தில் கிடக்கும் கட்டில்தான்.’

இதற்கு அப்புறம் ‘நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்’ என்று இயேசு சொல்லும் யோவான் 8:12க்குப் போனால், கேட்பவர் கூடவே வருகிறார். வசனத்தை முதலில் வைக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வேதாகமத்தைக் கையில் எடுத்தே பழகாதவருக்கு வசனம் ஒரு மூடிய கதவு. இடித்துக்கொண்ட கால் எல்லோருக்கும் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு வசனம் போதும். மூன்று வசனம் சொன்னால் மூன்றும் நினைவில் நிற்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாலிபர்கள் இப்போது தியானத்தையே அதில் கேட்டு வாங்குகிறார்கள். எழுத்துப் பிழை பார்க்க, நீளம் குறைக்க உதவும், சரி. ஆனால் தமிழ் வசனத்தை அதனிடம் கேட்டால் ஒரு மொழிபெயர்ப்பில் பாதி, இன்னொன்றில் மீதி என்று கலந்து தரும். சில நேரம் வசனத்துக்கும் அதிகார எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. எண்ணைப் பார்த்து அச்சிட்ட வேதாகமத்தைத் திறந்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் பதிவுக்குப் போக வேண்டும். தவறான வசனம் ஒரு முறை போய்விட்டால், அடுத்த மாதம் நீங்கள் சொல்லும் சரியான வசனத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

5. பதிவு செய்யும் முறை

மைக் வாங்காமல் முதல் மாதத்தை ஓட்டுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசுங்கள். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

பின்னணியில் கீபோர்டு இசை வேண்டவே வேண்டாம். பேருந்தில் சின்ன ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இசைதான் கேட்கும், சொல் கேட்காது.

பாட்டு சேர்க்க ஆசைப்பட்டால் காப்புரிமையைக் கவனியுங்கள். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பாடல் வரிகளுக்குக் காப்புரிமை உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் காலமானவர், அவர் கீர்த்தனைகளை நீங்களே தாராளமாகப் பாடலாம். ஆனால் அதே கீர்த்தனையை ஒரு பாடகர் போன வருடம் பாடி வெளியிட்டிருந்தால் அந்த ஒலிப்பதிவு அவருடையது. ‘பழைய பாட்டுதானே’ என்று யூடியூபில் போட்டு, காப்புரிமைக் கோரிக்கை வந்த பிறகு விழிப்பவர்கள் அதிகம்.

ஆடியோவின் கடைசியில் சேனலின் பெயரை வாயால் சொல்லுங்கள். ஃபார்வர்டு ஆகி நாலு கை மாறும்போது கீழே எழுதியிருக்கும் குறிப்பு உதிர்ந்துவிடும், குரல் மட்டும் மிஞ்சும்.

6. சாட்சி, படம், பணம்: கை வைக்கும் முன் யோசிக்க வேண்டிய மூன்று

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவது 299ஆம் பிரிவிலும், பிரிவினரிடையே பகைமை வளர்ப்பது 196ஆம் பிரிவிலும் வருகிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை, அயலாரை மதித்தும்தான் நாங்கள் வைத்திருக்கும் விதி இது: மற்றவர் வழிபாட்டைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ‘அந்த இருளிலிருந்து வந்தேன்’ என்று சாட்சி (தன் விசுவாச அனுபவத்தை) சொல்பவர் தன் பழைய வீட்டாரை இருள் என்கிறார். அவர் அம்மாவும் அதைக் கேட்பார்.

சாட்சி வீடியோ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நடக்கும் சேதம் திரும்பாது. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருகிறார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது என்றது. இந்த ஆணை நியாயமா என்பது வேறு விவாதம், எனக்கும் வருத்தம் உண்டு. இங்கே சொல்ல வருவது, ஒருவர் உருகிச் சொல்லும் மூன்று நிமிடம் அவர் படிப்பையும் வேலையையும் தொடும் என்பதை அவருக்கு முன்பே விளக்குவது உங்கள் கடமை. விளக்குங்கள், ஒரு வாரம் விடுங்கள், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிறகு எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுங்கள்.

நோயிலிருந்து சுகமானதாகச் சொல்லும் சாட்சிகளில் ‘மாத்திரையை நிறுத்தினேன்’ என்ற வரி வந்தால் வெட்டிவிடுங்கள். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் கேட்டு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளின் முகம், பெயர் எதையும் போடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, அதைத் தடை செய்கிறது. கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கும் படமும் இதில் சேர்த்திதான்.

ஆடியோ பிரபலமானால் வெளிநாட்டிலிருந்து ‘காணிக்கை அனுப்பட்டுமா’ என்று கேட்பார்கள். இந்தியக் குடிமக்களாக இருந்து தங்கள் சம்பளத்திலிருந்து தருபவர்கள் வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் வேறு. இரண்டாமவரிடமிருந்து வாங்க வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் பதிவோ அனுமதியோ வேண்டும். தனி ஆளின் ஜிபே எண்ணை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். கேட்பவரைச் சபை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பரிசு, அரிசி, பண உதவி எதையும் ஆடியோவோடு கட்டாதீர்கள். பல மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்களில் இது ‘ஆசை காட்டுதல்’ ஆகும். நம் ஆடியோவை எந்த மாநிலத்தில் யார் கேட்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை.

7. வெளியிடும் நாள்

பத்து ஆடியோ கையில் தயாராகும் வரை முதல் ஆடியோவை வெளியிடாதீர்கள். காய்ச்சல், பரீட்சை, துக்க வீடு என்று ஏதாவது வரும். கையிருப்பு இருந்தால் சேனல் நிற்காது.

தொடக்கத்திலேயே முடிவுத் தேதியையும் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின் 40 நாள் நல்ல அளவு. ‘என்றென்றும் தினமும்’ என்று தொடங்கியவை நான் பார்த்தவரை ஐம்பதாம் நாளுக்குள் சத்தமில்லாமல் செத்திருக்கின்றன. நாற்பது நாள் முடித்து, ஒரு மாதம் ஓய்ந்து, கேட்டவர்களிடம் கருத்து வாங்கி, அடுத்ததைத் தொடங்குங்கள்.

யூடியூபையும் இரண்டாவது சுற்றில் யோசிக்கலாம். 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரையான செங்குத்து வீடியோ ஷார்ட்ஸ் ஆகவே போகிறது, அதனால் அதே நீளம் பொருந்தும். கருத்துகளை ‘பரிசீலனைக்குப் பிறகு வெளியிடு’ என்று வைத்துவிடுங்கள். நிஜம் போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளைப் பயன்படுத்தினால் பதிவேற்றும்போது அதற்கான பெட்டியில் டிக் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட காட்சியே வேண்டாம். கலிலேயாக் கடலில் கணினி வரைந்த இயேசுவைவிட, தூத்துக்குடிக் கடற்கரையில் நீங்களே எடுத்த ஒரு படம் எவ்வளவோ மேல்.

ஆலய அறிவிப்புத் தாளிலிருந்து எழுத்தை நகல் எடுத்து ஒட்டும்போது கட்டம் கட்டமாகவோ குழப்பமாகவோ வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

8. பதில்கள் வரும்போது

பத்தில் ஏழு ‘ஆமென்’ ஆக இருக்கும். அதற்குப் பதில் தேவையில்லை.

ஜெப விண்ணப்பம் வந்தால் மூன்று வேலை: படித்ததாகத் தெரியும்படி அவர் சொன்ன விஷயத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள், நோட்டில் தேதியுடன் முதல் எழுத்தை மட்டும் குறியுங்கள், ஒரு வாரம் கழித்து ‘இப்போது எப்படி இருக்கிறது’ என்று கேளுங்கள். அந்த ஒரு வாரக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பேரைத் திரும்ப எழுத வைத்திருக்கிறது. கைகூப்பிய ஸ்டிக்கர் அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போவது புதியவர்களின் வழக்கம். எழுதியவருக்கு அது டோக்கன் கிழித்த மாதிரி இருக்கும்.

விண்ணப்பத்தை வேறு எந்தக் குழுவுக்கும் அனுப்பாதீர்கள், ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரிலும் கூடாது. குழந்தை இல்லாத ஒரு தங்கை எழுதியதை நல்ல எண்ணத்தில் ஒருவர் பெண்கள் ஜெபக் குழுவில் போட்டார். பெயர் இல்லை, ஊர் இருந்தது. இரண்டே நாளில் அது மாமியார் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தங்கை அதற்குப் பிறகு எங்களுக்கு எழுதவே இல்லை.

வாதம் செய்ய வருபவர்களில் இரண்டு வகை. நிஜமாகவே கேள்வி உள்ளவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவருக்கு நேரம் கொடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மற்றவர் ஒரே மூச்சில் எட்டு கேள்வி அனுப்புவார். ‘வாசித்தோம், நன்றி’ என்று ஒரு முறை எழுதிவிட்டு நிறுத்துங்கள். மூன்றாவது சுற்றுக்குப் போன எந்த வாதமும் நல்லபடி முடிந்ததை நான் பார்த்ததில்லை. அப்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஊர் சுற்றும்.

துக்கத்தில் இருப்பவருக்கு உடனே வசனம் அனுப்பாதீர்கள். ‘ஒரு வசனம் அனுப்பலாமா?’ என்று கேளுங்கள். சாவு என்ற சொல்லோ, ‘இனி யாருக்கும் தொல்லையாக இருக்க மாட்டேன்’ போன்ற வரியோ வந்தால் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டாம். அழைத்துப் பேசுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், 14416ஐக் கொடுங்கள், குருவானவருக்கும் அன்றே சொல்லுங்கள். ரகசியம் காப்பதைவிட உயிர் முக்கியம்.

9. திரையிலிருந்து திண்ணைக்கு

ஒருவர் நாலைந்து வாரம் தொடர்ந்து எழுதினால், அவருக்கு அருகிலுள்ள ஆலயத்தைச் சொல்லுங்கள். அது நம் சபைப் பிரிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திருப்பூரில் இருப்பவரை நெல்லைக்கு இழுக்க முடியாது. அங்கே உள்ள குருவானவரிடம் முதலில் பேசி, அவர் சம்மதித்த பிறகு, எழுதியவரின் அனுமதியோடு மட்டும் எண்ணைக் கொடுங்கள். முதல் சந்திப்பு ஆலயத்தில், பகலில், இரண்டு பேர் முன்னிலையில் நடக்கட்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குத் தெரியாமல் சந்திப்பே கிடையாது.

10. சாவி யாரிடம்?

இதைக் கடைசியில் வைத்தாலும் முதல் வாரமே செய்துவிடுங்கள். சேனலுக்கு இரண்டாவது நிர்வாகியைச் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பின் இரண்டு கட்டச் சரிபார்ப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சேகர அலுவலகப் பெட்டியில் வையுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் செய்யும் தேதியைப் பொருளாளரின் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஒரு குழுவில் எல்லாவற்றையும் தன் கைபேசியில் வைத்திருந்த தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. போன இரண்டாம் மாதம் கைபேசி தொலைந்தது, சிம் ஏற்கெனவே காலாவதியாகி இருந்தது. 600 பேர் பின்தொடர்ந்த சேனல் இன்னும் அப்படியே இருக்கிறது, உள்ளே போக ஆள்தான் இல்லை.